இனத்தூய்மையும் இசைக்கலப்பும்: பேலா பார்ட்டோக்கின் ஆய்வுரைகளும் படைப்புகளும்

முன்னுரை

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஐரோப்பிய இசைக்குப் புதுநெறி வகுத்த படைப்பாளருள் ஹங்கேரி நாட்டைச் சார்ந்த பேலா பார்ட்டோக் (1881–1945) குறிப்பிடத்தக்கவர். நரம்பிசை நால்வர் குழுவிற்கென அவர் இயற்றிய ஆறு படைப்புகளும், பியானோவுக்கும் பல்லியக் குழுவிற்கும் இயற்றியவையும் இன்று உலகெங்கும் இசைக்கப்பெறுகின்றன. ஆயினும் அவர்தம் வாழ்நாளில் ஒரு பெரும் பகுதி நாட்டுப்புற மெட்டுகளைத் திரட்டுவதிலும், அவற்றைக் குறியீட்டு வடிவில் எழுதுவதிலும், வகைப்படுத்துவதிலுமே கழிந்தது. அப்பணியின் விளைவாகத் தோன்றிய நூல்களும் கட்டுரைகளும் இசைப் படைப்புகளின் அளவிற்கு அறியப்படவில்லை. இவ்விரு பணிகளையும் இணைத்து நோக்கும்பொழுது ஒரு கருத்து மாற்றத்தின் வரலாறு புலப்படுகிறது. தம் இனத்தின் கலப்பற்ற இசையைக் கண்டெடுக்க வேண்டும் என்னும் வேட்கையோடு சிற்றூர்களுக்குச் சென்ற ஓர் இளைஞர், தாம் திரட்டிய சான்றுகளின் வழியாகவே அவ்வேட்கையின் அடிப்படையை ஐயுறத் தொடங்கினார். இறுதியில் கலப்பே இசை வளத்திற்குக் காரணம் என்னும் முடிவிற்கு வந்தார். இம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு அவர் என்ன விலை கொடுத்தார், அம்மாற்றம் எந்த அளவிற்கு முழுமையானது என்பனவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாட்டுப்பற்றும் நகர இசையும்

பார்ட்டோக் 1881ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாட்சென்ட்மிக்லோஷ் என்னும் ஊரில் பிறந்தார். அன்று ஹங்கேரி அரசின்கீழ் இருந்த அவ்வூர் இன்று ருமேனியாவில் உள்ளது. வேளாண் பள்ளியொன்றின் தலைவராக இருந்த தந்தை 1888இல் மறைந்தார். ஆசிரியப் பணியாற்றித் தாயார் குடும்பத்தைக் காத்தார். அக்குடும்பம் வாழ்ந்த நாட்சொல்லோஷ் இன்று உக்ரைனிலும், போஷோனி நகரம் பிராத்திஸ்லாவா என்னும் பெயரில் ஸ்லோவாக்கியாவிலும் உள்ளன. இளமையில் அவர் வாழ்ந்த ஊர்கள் பலவும் பிற்காலத்தில் வெவ்வேறு நாடுகளுக்கு உரியவையாயின என்பது, அவருடைய ஆய்வின் போக்கை உணர்வதற்குத் துணைசெய்யும் செய்தியாகும்.

1899 முதல் 1903 வரை புடாபெஸ்ட் இசைக் கல்விக்கழகத்தில் பயின்ற காலத்தில் ஹங்கேரியத் தேசிய உணர்வு நாடெங்கும் மேலோங்கியிருந்தது. ஆஸ்திரியப் பேரரசின் செல்வாக்கிலிருந்து மொழியும் கலையும் விடுபட வேண்டும் என்ற குரல் எழுந்தது. பார்ட்டோக் தேசிய உடையணிந்தார். ஹங்கேரிய இனத்தின் நலனுக்கே தம் வாழ்வை ஒப்படைப்பதாகத் தாயாருக்கு 1903இல் கடிதம் எழுதினார். 1848–49 விடுதலைப் போராட்டத் தலைவர் கொஷூத்தைப் போற்றி அவ்வாண்டில் இயற்றிய பல்லியப் படைப்பில் ஆஸ்திரிய அரசுப் பாடலின் மெட்டைத் திரித்து எள்ளல் தோன்ற அமைத்தார். 1904 ஜனவரியில் புடாபெஸ்டில் அது அரங்கேறியது.

இப்படைப்பில் ஹங்கேரிய இசை எனக் கருதி அவர் கையாண்டவை உண்மையில் நகர்ப்புற இசைக்கூறுகளே. உயர்குடியினரும் நடுத்தர வகுப்பினரும் இயற்றிய பாடல்களை ஜிப்சி இசைக்குழுவினர் உணவகங்களில் இசைத்துவந்தனர். அயல்நாட்டினர் அதனை ஜிப்சி இசை என்றனர்; உள்நாட்டினர் அதனையே ஹங்கேரிய இசை என்றனர். அவ்விசை ஜிப்சிகளின் சொந்தப் படைப்பு என்று பிரான்ஸ் லிஸ்ட் 1859இல் ஒரு நூலே எழுதினார். இக்கருத்துப் பிழையானது என்பதைப் பார்ட்டோக் 1931இல் வெளியிட்ட ஒரு கட்டுரையில் விரிவாக நிறுவினார். ஆனால் 1903இல் அவரிடமும் இத்தெளிவு இல்லை.

தூய்மையைத் தேடிய பயணம்

1904ஆம் ஆண்டு, இன்றைய ஸ்லோவாக்கியாவில் அடங்கும் ஒரு சிற்றூரில் பார்ட்டோக் தங்கியிருந்தபொழுது, திரான்சில்வேனியாவின் செக்கேய் பகுதியிலிருந்து வந்த பணிப்பெண் ஒருத்தி பாடிய பாடலைக் கேட்டார். நகரத்தில் கேட்டவற்றினும் வேறுபட்ட அமைப்பை அதில் கண்டு உடனே எழுதிக்கொண்டார். சிறந்த நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டிப் பியானோத் துணையிசையுடன் கலைப்பாடலாக உயர்த்துவதே தம் திட்டம் என்று அவ்வாண்டின் இறுதியில் தம் தங்கை எல்ஜாவுக்கு எழுதிய கடிதத்தில் தெரிவித்தார். மக்கள் பாடலை ‘உயர்த்த’ வேண்டும் என்ற அன்றைய மனநிலை இதில் வெளிப்படுகிறது.

1905இல் சோல்தான் கோடாயுடன் ஏற்பட்ட நட்பு இவ்வார்வத்தை முறையான ஆய்வாக மாற்றியது. நாட்டுப்புறப் பாடலின் யாப்பமைப்புப் பற்றி ஆய்ந்தவராகிய கோடாயிடமிருந்து கள ஆய்வு நெறிகளைப் பார்ட்டோக் கற்றார். இருவரும் இணைந்து இருபது பாடல்களைத் துணையிசையுடன் 1906இல் வெளியிட்டனர். 1907இல் புடாபெஸ்ட் இசைக் கல்விக்கழகத்தில் பியானோப் பேராசிரியராகப் பொறுப்பேற்ற பார்ட்டோக், அக்கோடையில் திரான்சில்வேனியாவின் சீக் மாவட்டத்திற்குச் சென்றார். அங்கு முதியோர் பாடிய பாடல்களில் ஐந்து சுரங்களால் ஆன மெட்டுகள் மிகுதியாக இருந்தன. மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் நடையும், பேச்சின் ஓட்டத்தைப் பின்பற்றும் தாளக் கட்டற்ற பாடுமுறையும் அவற்றின் இயல்புகளாக இருந்தன. மேற்கு ஐரோப்பிய இசையின் சாயல் சிறிதும் இல்லாத ஒரு பழைய மரபு கிடைத்துவிட்டது என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது.

களப்பணியில் எடிசன் உருவாக்கிய போனோகிராஃப் கருவி பயன்பட்டது. மெழுகு உருளை ஒன்றில் சில நிமிடங்களே பதிய இயலும். மீண்டும் மீண்டும் ஒலிக்கச் செய்தால் தேய்ந்துபோகும். எனவே பாடுவோர் முன்னிலையிலேயே மெட்டை எழுதி, பின்னர் உருளையோடு ஒப்பிட்டுத் திருத்துவது அவர் வழக்கம். ஒரே பாடகர் ஒரே அடியை இருமுறை பாடும்பொழுது தோன்றும் வேறுபாட்டையும் அவர் பிழையெனத் தள்ளவில்லை. மாறிக்கொண்டே இருத்தல் வாய்மொழி இசையின் இயல்பு எனக் கொண்டார். முன்னர் எழுதியவற்றை 1930களில் மீண்டும் கேட்டு, நுண்ணிய அசைவுகளையும் சேர்த்து எழுதினார்.

ஒப்பீட்டின் கட்டாயம்

ஹங்கேரியப் பாடல்களை மட்டும் திரட்டினால் அவற்றுள் எது ஹங்கேரியர்க்கே உரியது என முடிவுசெய்ய இயலாது என்பதைப் பார்ட்டோக் விரைவில் உணர்ந்தார். ஒரு மெட்டு அண்டை மக்களிடமும் வழங்குமாயின் அதன் பிறப்பிடம் எது என்ற வினா எழும். தூய்மையை நிறுவ வேண்டின் அயலாரின் இசையையும் அதே நுட்பத்துடன் ஆராய்வது இன்றியமையாததாகிறது. இக்காரணத்தால் 1906 முதல் ஸ்லோவாக்கியப் பாடல்களையும், 1909 முதல் பிகார் மாவட்டத்திலும் பிற பகுதிகளிலும் ருமேனியப் பாடல்களையும் திரட்டினார். அதற்கென அம்மொழிகளைக் கற்றார். ருத்தேனிய, செர்பிய, பல்கேரிய மெட்டுகளும் அவர் தொகுப்பில் இடம்பெற்றன. அவர் நேரில் திரட்டிய ருமேனிய மெட்டுகள் மூவாயிரத்தைக் கடந்தவை. அவர் திரட்டிய ஹங்கேரிய மெட்டுகளைக் காட்டிலும் இத்தொகை மிகுதி என்பது எண்ணத்தக்கது.

1913இல் அவர் வட ஆப்பிரிக்காவின் அல்ஜீரியாவிற்குச் சென்று பிஸ்க்ரா பகுதியின் அரேபிய நாட்டுப்புற இசையைப் பதிவுசெய்தார். ருமேனியரின் மாராமாரோஷ் பகுதியில் அவர் கண்ட ‘ஹோரா லுங்கா’ என்னும் நீண்ட பாடல் வகை, முன்பே வரையறுத்த மெட்டாக அன்றிப் பாடுவோர் நிலைக்கேற்ப விரித்துப் பாடும் அலங்கார இசையாகும். இது ருமேனியர்க்கே உரிய தனிப்பண்பு எனத் தோன்றிற்று. இதற்கு இணையான வகை அல்ஜீரியாவிலும், பின்னர் உக்ரைன், பாரசீகம், ஈராக் ஆகிய இடங்களிலும் வழங்குவதை அவர் அறிந்தார். தனிச்சொத்தாகத் தோன்றிய ஒன்று பல நாடுகளைக் கடந்து பரவிய மரபின் ஒரு கிளையென விளங்கியது.

1936 நவம்பரில் அகமது அத்னான் சாய்குனுடன் துருக்கியின் அதானா பகுதியில் மேற்கொண்ட பயணமும் இவ்வகையில் கருதத்தக்கது. அங்கு முதியவர் ஒருவர் பாடிய முதற்பாடலே பழைய ஹங்கேரிய மெட்டொன்றின் மாற்றுவடிவம்போல் ஒலித்ததாக அவர் வியப்புடன் பதிவுசெய்துள்ளார். ஹங்கேரியரின் மிகப் பழைய இசையடுக்கே ஆசியத் துருக்கிய மக்களின் இசையோடு உறவுடையது என்பதற்கு அது சான்றாயிற்று.

வகைப்பாடும் அதன் விளைவும்

பார்ட்டோக்கின் ஆய்வெழுத்துகளுள் தலையாயது 1924இல் வெளிவந்த ‘ஹங்கேரிய நாட்டுப்புறப் பாடல்’ என்னும் நூல். இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1931இல் வெளிவந்தது. பின்லாந்து அறிஞர் இல்மாரி குரோன் வகுத்த முறையைத் தழுவி மாற்றியமைத்து, எல்லா மெட்டுகளையும் ஒரே முடிவுச் சுரத்திற்குக் கொணர்ந்து, அடிகளின் இறுதிச் சுரம், அசைத்தொகை, சுர எல்லை ஆகியவற்றின் அடிப்படையில் அவர் வரிசைப்படுத்தினார். இம்முறையால் வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு சொற்களோடு பாடப்படும் உறவுடைய மெட்டுகள் அருகருகே வந்தமைந்தன.

அந்நூல் ஹங்கேரிய மெட்டுகளை மூன்றாகப் பகுக்கிறது. முதல் வகை ஐந்துசுர அமைப்புடைய பழைய பாணி. இரண்டாம் வகை, முதலடியின் மெட்டு இறுதியில் மீண்டும் வரும் அமைப்புடன் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்து பரவிய புதிய பாணி. மூன்றாம் வகை, இவ்விரண்டிலும் அடங்காத கலப்பு வகை. அயல் செல்வாக்குகள் பெரிதும் வெளிப்படுவது இம்மூன்றாம் வகையில்தான். தூய்மையைத் தேடித் தொடங்கிய ஆய்வு, கலப்பிற்கெனத் தனியொரு பிரிவை அமைக்க வேண்டிய நிலைக்கு வந்ததை இப்பகுப்பு காட்டுகிறது.

1934இல் வெளிவந்த ஹங்கேரிய இசையும் அண்டை மக்களின் இசையும் பற்றிய சிறுநூல் இதனை மேலும் வளர்த்தது. ஹங்கேரியரின் புதிய பாணி ஸ்லோவாக்கியரிடமும் ருத்தேனியரிடமும் பரவியமை, ஸ்லோவாக்கிய மெட்டுகள் ஹங்கேரியரின் கலப்பு வகையில் இடம்பெற்றமை, திரான்சில்வேனியாவின் சில பகுதிகளில் ருமேனியர் ஹங்கேரிய ஐந்துசுர மெட்டுகளை ஏற்றமை, வேறு பகுதிகளில் ருமேனிய இசை தன் தனித்தன்மையைப் பேணியமை ஆகியவற்றை அந்நூல் மெட்டுச் சான்றுகளுடன் விளக்குகிறது. கொடுத்தலும் பெறுதலும் இடத்திற்கு இடம் வேறுபட்டன என்பதே அதன் முடிபு.

எல்லைக்கோடுகளும் எதிர்ப்பும்

இத்தகைய முடிபுகள் அரசியல் சூழலில் எளிதாக ஏற்கப்படவில்லை. முதல் உலகப் போரின் பின் 1920 ஜூன் 4ஆம் நாள் கையெழுத்தான திரியனோன் உடன்படிக்கையால் ஹங்கேரி தன் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை இழந்தது. பார்ட்டோக் பாடல் திரட்டிய சிற்றூர்களுள் பல எல்லைக்கு அப்பால் சென்றன. 1918உடன் அவருடைய களப்பயணங்கள் பெரும்பாலும் நின்றுபோயின. ஹூன்யாட் பகுதி ருமேனியரின் இசை வழக்குப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1914இல் ஹங்கேரிய மொழியில் வெளிவந்தபோது எதிர்ப்பு எழவில்லை. அதுவே 1920இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தபொழுது, நாடு துண்டாடப்படும் வேளையில் ருமேனியரின் பண்பாட்டைப் புகழ்வது நாட்டிற்கு இழைக்கும் கேடு எனப் புடாபெஸ்ட் நாளேடுகளில் கண்டனம் எழுந்தது. அவர் நாளேட்டிலேயே மறுமொழி எழுத நேர்ந்தது.

1930களின் இடைப்பகுதியில் எதிர்த்திசையிலிருந்து தாக்குதல் வந்தது. ருமேனியர் சில பகுதிகளில் ஹங்கேரிய மெட்டுகளை ஏற்றனர் என்னும் கூற்றுக்காக, ருமேனிய அறிஞர் கொரியோலான் பெத்ரானு அவர்மீது ஒருசார்பு நோக்குடையவர் எனக் குற்றம் சாட்டினார். அதற்கும் பார்ட்டோக் சான்றுகளுடன் விடையளித்தார். ஒரே ஆய்வாளர் ஒரே முறையியலைப் பின்பற்றியமைக்காக இரு நாட்டினராலும் பகைவராகக் கருதப்பட்டார். இப்பட்டறிவின் பின்னணியில் 1937இல் அவர் எழுதிய ‘நாட்டுப்புறப் பாடல் ஆய்வும் தேசியவாதமும்’ என்னும் கட்டுரை நோக்கத்தக்கது. நாட்டுப்பற்றே இத்துறையைத் தோற்றுவித்தது என்பதை அது மறுக்கவில்லை. ஆனால் தம்மவர் பிறரிடமிருந்து பெற்றனர் என்ற முடிவைத் தாழ்வாகக் கருதும் மனப்பாங்கு ஆய்வைச் சிதைத்துவிடும் என்று எச்சரிக்கிறது.

வெளியீட்டிலும் இடர்ப்பாடுகள் தொடர்ந்தன. ருமேனியக் கிறிஸ்துமஸ் பாடல்களாகிய ‘கொலிந்தா’ மெட்டுகளின் தொகுப்பை 1935இல் தம் சொந்தச் செலவில் வெளியிட்டார். ஸ்லோவாக்கியத் தொகுப்பின் முதல் தொகுதி 1959இல்தான் வெளிவந்தது. ருமேனியப் பெருந்தொகுப்பு 1967க்கும் 1975க்கும் இடையில் ஐந்து தொகுதிகளாகவும், துருக்கிய ஆய்வு 1976இலும் அச்சேறின. இவற்றுள் எதனையும் அவர் நூல்வடிவில் காணவில்லை.

படைப்புகளில் வெளிப்படும் மாற்றம்

ஆய்வில் நிகழ்ந்த மாற்றம் படைப்புகளிலும் வெளிப்படுகிறது. நாட்டுப்புற இசை புதிய இசையில் இடம்பெறும் முறைகளை 1931ஆம் ஆண்டுச் சொற்பொழிவொன்றில் பார்ட்டோக் மூன்றாக விளக்கினார். மெட்டை மாற்றாது எடுத்துத் துணையிசை சேர்த்தல் முதல் முறை. அம்மெட்டுகளைப் போலவே புதியவற்றைப் புனைதல் இரண்டாவது. எந்த மெட்டையும் எடுக்காமலும் போலச்செய்யாமலும் அவ்விசையின் உயிர்ப்பை உள்வாங்கிப் படைத்தல் மூன்றாவது. கவிஞன் தாய்மொழியைக் கையாள்வதுபோல் இசைப்படைப்பாளன் இவ்விசையைக் கையாளும் நிலையே மூன்றாம் முறை என்பது அவர் தரும் விளக்கம்.

1915இல் இயற்றிய ‘ருமேனிய நாட்டுப்புற ஆடல்கள்’ முதல் முறைக்குச் சான்றாகும். அதன் தலைப்பில் முதலில் ‘ஹங்கேரியிலுள்ள’ என்ற அடைமொழி இருந்தது. எல்லைகள் மாறிய பின் அது நீக்கப்பட்டது. 1911இல் இயற்றப்பட்டு 1918இல் அரங்கேறிய ‘நீலத்தாடியின் கோட்டை’ என்னும் ஓபெரா மூன்றாம் முறையை நோக்கிச் செல்கிறது. ஹங்கேரியம் ஒட்டுநிலை மொழி. அதில் சொல்லின் முதலசை அழுத்தம் பெறும். எண்ணசை அடிகளாலான அந்நாடகப் பனுவலை, பழைய பாடல்களின் பேச்சோட்ட நடையில் அவர் இசைப்படுத்தினார்.

1923இல் இயற்றிய ‘ஆடல் தொகுப்பு’ இங்குத் தனித்துக் குறிப்பிடத்தக்கது. பெஸ்ட், புடா, ஓபுடா ஆகிய நகரங்கள் 1873இல் ஒன்றிணைந்து புடாபெஸ்ட் ஆனதன் ஐம்பதாம் ஆண்டு விழாவிற்காக அது இயற்றப்பட்டது. நிலம் இழந்த துயரும் அண்டை நாட்டினர்மீது சினமும் நிறைந்திருந்த காலத்தில், தலைநகரின் விழாவிற்கென இயற்றிய படைப்பில் ஹங்கேரிய இயல்புடைய மெட்டுகளோடு ருமேனிய, அரேபிய இயல்புடைய மெட்டுகளையும் அவர் புனைந்து சேர்த்தார். அவை எடுத்தாளப்பட்டவை அல்ல. இரண்டாம் முறைப்படி அவரே படைத்தவை. பகுதிகளை இணைக்கும் மீள்மெட்டு ஹங்கேரியச் சாயலுடையது. இரண்டு வயலின்களுக்கென 1931இல் இயற்றிய நாற்பத்து நான்கு சிறு படைப்புகளிலும் ஹங்கேரிய, ஸ்லோவாக்கிய, ருமேனிய, செர்பிய, ருத்தேனிய, அரேபிய மெட்டுகள் ஒருங்கே பயில்கின்றன.

1930இல் இயற்றிய ‘கந்தாத்தா புரோஃபானா’ ருமேனியக் கொலிந்தாப் பாடல்களின் கதையை அடிப்படையாகக் கொண்டது. வேட்டைக்குச் சென்ற ஒன்பது மைந்தர் கலைமான்களாக மாறித் தந்தையின் இல்லத்திற்கு மீள இயலாமல் கானகத்திலேயே வாழ்கின்றனர். ருமேனியப் பனுவலை ஹங்கேரிய மொழியில் பெயர்த்து, நாட்டுப்புற மெட்டு எதனையும் எடுத்தாளாமல் பார்ட்டோக் இதனை இசையமைத்தார். 1934இல் இலண்டனில் இது அரங்கேறியது. இதனை இயற்றிய சில திங்களில், ருமேனிய அறிஞர் ஒக்தாவியான் பேயுவுக்கு 1931 ஜனவரியில் எழுதிய கடிதத்தில், போரையும் பகையையும் கடந்த மக்களினங்களின் உடன்பிறப்புணர்வே தம் படைப்பின் அடிப்படை நோக்கம் என்றும், தூயதும் நலமுடையதுமான ஊற்று எந்த மக்களிடமிருந்து வரினும் ஏற்பதாகவும் அவர் தெரிவித்துள்ளார்.

‘இசையில் இனத்தூய்மை’

1930களின் இறுதியில் இனத்தூய்மை என்னும் சொல் அரசின் சட்டமாக மாறியது. 1938இல் ஆஸ்திரியா ஜெர்மனியுடன் இணைக்கப்பட்ட பின், வியன்னாவிலிருந்த அவருடைய பதிப்பகத்தார் ஆரிய மரபினரா என வினவும் படிவத்தை அனுப்பினர். பார்ட்டோக்கும் கோடாயும் அதனை நிரப்ப மறுத்தனர். அவ்வாண்டில் ஹங்கேரி அரசு கொணர்ந்த யூதர் எதிர்ப்புச் சட்டத்தைக் கண்டித்து அறிஞர்களும் கலைஞர்களும் வெளியிட்ட அறிக்கையில் இருவரும் கையொப்பமிட்டனர். தாயார் 1939 டிசம்பரில் மறைந்த பின், 1940 அக்டோபரில் பார்ட்டோக் நாட்டைவிட்டு நியூயார்க் சென்றார். புறப்படுமுன் எழுதிய உயிலில், ஹிட்லர், முசோலினி பெயர்கள் புடாபெஸ்ட் சதுக்கங்களில் நிலவும்வரை நாட்டின் எந்தத் தெருவிற்கும் தம் பெயரைச் சூட்டலாகாது எனக் குறிப்பிட்டார்.

1942இல் அமெரிக்க இதழொன்றில் வெளிவந்த ‘இசையில் இனத்தூய்மை’ என்னும் சிறு கட்டுரை இவ்வனைத்தின் பின்னணியிலும் எழுந்தது. அதன் வாதம் மெட்டுகளின் பயணத்தை அடிப்படையாகக் கொண்டது. ஹங்கேரிய மெட்டொன்றை ஸ்லோவாக்கியர் ஏற்கும்பொழுது அது அவர்தம் மொழிக்கும் பாடுமுறைக்கும் ஏற்ப மாறுகிறது. மாறிய வடிவத்தை ஹங்கேரியர் மீண்டும் ஏற்கும்பொழுது அது முதல் வடிவத்திற்குத் திரும்பாமல் மூன்றாவதொரு வடிவம் பெறுகிறது. கிழக்கு ஐரோப்பாவின் இசை வளம் இத்தகைய இடையறாத பரிமாற்றத்தால் விளைந்தது என்பதும், அயல் இசையைச் செயற்கையாகத் தடுத்தால் இசை தேக்கமுறும் என்பதும் அவருடைய முடிபு. 1904இல் தேடியதை 1942இல் அவர் விரும்பத்தகாததாகவே கண்டார்.

கருத்தின் வரம்புகள்

எனினும் தூய்மை என்னும் கருத்து அவரிடமிருந்து முற்றிலும் அகன்றதெனக் கூறவியலாது. இனத்தின் தூய்மையைக் கைவிட்ட பின்னரும் சிற்றூரின் தூய்மையை அவர் விடவில்லை. நகரத்தின் சாயல் படாத உழவர் இசையே உண்மையான மக்கள் இசை என்பது அவர் எழுத்துகள் நெடுகிலும் காணப்படும் கருத்தாகும். நகரத்து ஜிப்சி இசைக்குழுவினரின் பாடுமுறையைச் சிதைவு என்றே மதிப்பிட்டார். இம்மதிப்பீட்டைப் பிற்கால ஆய்வாளர் திறனாய்வுக்கு உட்படுத்தியுள்ளனர்.

ஆய்வுரைகளில் காணாத நெகிழ்ச்சி படைப்புகளில் தென்படுகிறது. 1928இல் வயலினுக்கென இயற்றிய இரு ராப்சோடிகள், ஜிப்சிகள் உள்ளிட்ட சிற்றூர் வயலின் கலைஞரிடம் திரட்டிய மெட்டுகளால் அமைந்தவை. 1943இல் இயற்றி 1944 டிசம்பரில் பாஸ்டனில் அரங்கேறிய ‘பல்லியக் குழுவிற்கான கான்செர்ட்டோ’வின் நான்காம் பகுதியில், ஹங்கேரியின் அழகைப் போற்றும் மேடைப்பாடல் ஒன்றின் சாயல் ஒலிக்கிறது. அது உழவர் பாடல் அன்று. அவர் பலகாலும் ஒதுக்கிய நகர்ப்புறப் பாடல் வகையைச் சார்ந்தது. தாயகம் நீங்கிய நிலையில் அப்பாடல் அவர் நினைவில் எழுந்தமை, எழுத்தில் வகுத்த எல்லையைப் படைப்பு கடந்தமைக்குச் சான்றாகும்.

முடிவுரை

கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் யூகோஸ்லாவியப் பாடல்களின் ஒலிப்பதிவுகளை எழுதும் பணியில் 1941 முதல் ஈடுபட்ட பார்ட்டோக், 1945 செப்டம்பர் 26ஆம் நாள் நியூயார்க்கில் இரத்தப் புற்றுநோயால் மறைந்தார். அவருடைய உடல் 1988இல் புடாபெஸ்டிற்குக் கொண்டுவரப்பட்டு நல்லடக்கம் செய்யப்பட்டது.

பார்ட்டோக்கின் ஆய்வுப் பணி தேசிய வேட்கையில் தோன்றியது. அவ்வேட்கை அவரை ஒப்பீட்டிற்கு இட்டுச்சென்றது. ஒப்பீடு, கலப்பற்ற இசை என ஒன்றைத் தனித்துக் காட்டுவது அரிது என்பதை உணர்த்தியது. தம் இனத்தாரும் அயலாரும் எதிர்த்தபொழுதும் சான்று காட்டிய முடிபை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. உழவர் இசைபற்றிய அவருடைய மதிப்பீட்டில் ஒருதலைச் சார்பு எஞ்சியிருப்பினும், தம் தொடக்கக் கருத்திற்கு எதிரான சான்றுகளைத் தாமே திரட்டி, அவற்றைத் தாமே ஏற்றுக்கொண்ட நேர்மை அவருடைய எழுத்துகளுக்கு நிலைத்த மதிப்பைத் தருகிறது. இனத்தின் அடையாளத்தை வாய்மொழி மரபுகளில் தேடும் ஆய்வுகள் எம்மொழியில் நிகழினும், அண்டை மொழியினரின் வழக்காறுகளையும் அதே அக்கறையுடன் திரட்டாமல் தனித்தன்மை பற்றிய முடிவிற்கு வருதல் இயலாது என்பதை அவருடைய வாழ்நாட்பணி தெளிவுறுத்துகிறது.